எந்த மரத்துக்கு எந்த வாரம்?
வாசகர் கேள்வி - பதில்: டொராண்டோவின் இலையுதிர் காலம்

செப்டம்பர் பிறந்ததும் வரும் கடிதங்களில் பாதி இலையைப் பற்றித்தான். ஊரிலிருந்து பெற்றோரை வரவழைப்பவர்கள், கார் இல்லாத மாணவர்கள், வாசலில் குவிந்த சருகோடு மல்லுக்கட்டுபவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கே: மதுரையிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். ஆறு வாரம்தான் தங்குவார்கள். இலை நிறம் மாறுவதைக் காட்ட டிக்கெட்டை எந்தத் தேதிக்கு எடுப்பது?
- வாசகர், மார்க்கம்

ப: செப்டம்பர் 25 வாக்கில் வந்திறங்கி, நவம்பர் முதல் வாரம் கிளம்பும்படி எடுங்கள். 'உச்சம்' என்று ஒரே ஒரு தேதியைத் தேடித்தான் பலர் ஏமாறுகிறார்கள். நிறம் வடக்கிலிருந்து தெற்கே மெல்ல இறங்கி வரும். வந்த இடத்திலும் மரத்துக்கு மரம் முறை உண்டு.

முதலில் அல்காங்குயின் பூங்கா. டொராண்டோவிலிருந்து வடக்கே காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கே சர்க்கரை மேப்பிள் சிவப்பது செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும். டொராண்டோ நகருக்குள் அதே மேப்பிள் அக்டோபர் நடுவில்தான் பழுக்கும். நகரத்துப் பள்ளத்தாக்குகள் அக்டோபர் 15 முதல் 25 வரை நன்றாக இருக்கும். ஓக் மரங்கள் சோம்பேறிகள். அக்டோபர் கடைசியில்தான் செம்பழுப்புக்கு வரும். ஜிங்கோ எல்லோருக்கும் பின்னால் நவம்பர் தொடக்கத்தில் மஞ்சளாகும், கடும் உறைபனி விழுந்த காலையில் சில மணி நேரத்துக்குள் மொத்த இலையையும் கொட்டிவிடும்.

ஆகவே முதல் வாரத்தில் வடக்கே ஒரு பயணம், நான்காம் ஐந்தாம் வாரங்களில் நகரத்துப் பள்ளத்தாக்குகள், கடைசியில் ஹை பார்க் ஓக் தோப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அல்காங்குயினுக்குக் காருக்கான ஒருநாள் அனுமதியை ஒன்டாரியோ பார்க்ஸ் இணையதளத்தில் ஐந்து நாள் முன்னதாகவே எடுக்கலாம். சனி, ஞாயிறு அனுமதிகள் தீர்ந்துபோகும், எடுக்காமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். அக்டோபர் இரண்டாவது திங்கள் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. அந்த மூன்று நாளும் 400ஆம் நெடுஞ்சாலை ஊர்ந்துதான் போகும். செவ்வாய் அல்லது புதன் விடுப்பு கிடைத்தால் அதுவே நல்ல நாள்.

விடுப்பே கிடைக்காவிட்டால் வடக்கை விட்டுவிடுங்கள். நகரத்துக்குள்ளேயே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

கே: கார் இல்லை, படிக்க வந்திருக்கிறேன். டிடிசி (நகரப் போக்குவரத்து) கட்டணம் ஒன்றே ஒன்றில் எதைப் பார்க்க முடியும்?
- வாசகி, நார்த் யார்க்

ப: பிரெஸ்டோ பயண அட்டையைத் தட்டியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். அதை வைத்தே ஒரு அரைநாள் போடலாம்.

சுரங்க ரயிலின் இரண்டாம் தடத்தில் கிழக்கு நோக்கிப் போகும் ரயிலில் ஏறி, காசில் ஃப்ராங்க் நிலையம் தாண்டியதும் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். அடுத்த நிலையமான பிராட்வியூ வருவதற்குள் ரயில் டான் பள்ளத்தாக்கின் மேல் போகிறது. அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமாக, இரண்டு பக்கமும் காடு காலுக்குக் கீழே தெரியும். இது 1918இல் திறந்த பிரின்ஸ் எட்வர்ட் பாலம். அப்போது நகரில் சுரங்க ரயில் கிடையாது. என்றைக்காவது ரயில் வரும் என்று மேல்தளத்துக்கு அடியில் ஒரு தளத்தைச் சேர்த்தே கட்டிவைத்தார்கள். 1966இல் ரயில் அதில் ஓடத் தொடங்கியது. கிழக்கே போகும்போது இடப்பக்கம் நின்றால் பள்ளத்தாக்கின் மேல்பகுதி, வலப்பக்கம் நின்றால் நகரத்துக் கோபுரங்கள்.

பிராட்வியூவில் இறங்கி, பிராட்வியூ அவென்யூவில் வடக்கே நடந்தால் இடப்பக்கம் செஸ்டர் ஹில் ரோடு பிரியும். அதன் கோடியில் ஒரு பார்வை மேடை, நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. மேற்கு பார்த்த மேடை என்பதால் காலை 9 மணிக்குள் போனால் வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து மரங்களின் மேல் விழும். மாலையில் போனால் கண் கூசும், படமும் கறுத்துப்போகும். அது குடியிருப்புத் தெரு; குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டு வாருங்கள்.

இன்னும் நேரமிருந்தால் அதே தடத்தில் மேற்கே திரும்பி ஹை பார்க் நிலையத்தில் இறங்குங்கள். 161 ஹெக்டேர் பூங்கா, சனி ஞாயிறு உள்ளே கார் விடுவதில்லை. பெரும்பாலானோர் நேராகக் குளத்துக்கு ஓடுகிறார்கள். நீங்கள் கருப்பு ஓக் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் புல்வெளிப் பக்கம் போங்கள். அக்டோபர் கடைசி வாரத்தில் மற்ற மரங்கள் மொட்டையாகும்போது அங்கேதான் நிறம் மிச்சமிருக்கும்.

கே: ஹைலண்ட் கிரீக்கில் பெரிய பெரிய மீன்கள் எதிர்நீச்சல் போடுவதாகப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்திருக்கிறார்கள். உண்மையா? எங்கே நின்றால் தெரியும்? (பிடித்துக் குழம்பு வைக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.)
- வாசகி, ஸ்கார்பரோ

ப: உண்மைதான். டொராண்டோ இலையுதிர் காலத்தின் சிறந்த காட்சி அதுதான் என்பது எங்கள் கட்சி. மரம் அடுத்த வாரமும் அங்கேயே நிற்கும், மீன் நிற்காது.

வருவது பெரும்பாலும் சினூக் சால்மன். பசிபிக் பக்கத்து மீன். ஒன்டாரியோ ஏரியின் சொந்த மீனான அட்லாண்டிக் சால்மன் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் இங்கே அற்றுப்போனது. அணை, மரம் வெட்டு, அளவில்லாத மீன்பிடி எல்லாம் சேர்ந்து செய்த வேலை. பின்னர் 1960களின் கடைசியிலிருந்து பசிபிக் சால்மனைக் கொண்டுவந்து விட்டார்கள். மூன்று நான்கு வருடம் ஏரியில் வளர்ந்த மீன், முட்டையிடுவதற்காகச் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை ஆற்றுக்குள் ஏறும்.

ஸ்கார்பரோவில் ஹைலண்ட் கிரீக் ஓடும் மார்னிங்சைட் பார்க், கர்னல் டான்ஃபோர்த் பார்க் இரண்டும் தோதான இடங்கள். தண்ணீர் ஆழமில்லாததால் சில இடங்களில் மீனின் முதுகே வெளியே தெரியும். துள்ளிக் குதிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ஹம்பர் ஆறு. ஓல்டு மில் நிலையத்தில் இறங்கி, எட்டியென் ப்ரூலே பார்க்கில் ஆற்றங்கரையோடு வடக்கே நடந்தால் சிறு தடுப்பணைகள் வரிசையாக வரும். அணைக்கு அடியில் நுரை பொங்கும் இடத்தில் கண்ணை வைத்துக் காத்திருங்கள். பத்து நிமிடம் எதுவும் நடக்காது. பிறகு கை நீளத்துக்கு மேல் ஒரு மீன் எழும்பி, சுவரில் மோதி, பின்னால் விழும். அது மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ மேலே போய்ச் சேரும்போது கரையில் நிற்கும் கூட்டம் கைதட்டும்.

நாள் பார்த்துப் போக வேண்டும். நல்ல மழை பெய்த மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள், நீர்மட்டம் கொஞ்சம் ஏறிக் குளிர்ந்திருக்கும்போது மீன் கூட்டமாக ஏறும். வறண்ட வாரத்தில் போனால் வெறும் ஆறுதான். காலை நேரமும் மாலை நேரமும் நல்லது. போலராய்டு கறுப்புக் கண்ணாடி இருந்தால் நீரின் மேல் பளபளப்பு குறைந்து அடியில் நிற்கும் மீன் தெரியும்.

பிள்ளைகளைத் தண்ணீருக்குள் இறங்க விடாதீர்கள். பெண் மீன் வாலால் கூழாங்கல்லைத் தோண்டிக் குழி செய்து முட்டையிட்டு மூடுகிறது. மிதித்தால் மொத்தமும் போய்விடும். முட்டையிட்டதும் சினூக் செத்துவிடும். அக்டோபர் நடுவுக்குப் பிறகு கரையோரம் நாற்றம் அடித்தால் பயப்பட ஒன்றுமில்லை, ராக்கூனுக்கும் கடற்பறவைக்கும் அது விருந்து.

வீட்டுக்காரருக்கு: வேண்டாம். கையால் பிடிப்பது சட்டவிரோதம். தூண்டிலுக்கு உரிமம் வேண்டும், இடமும் காலமும் பார்த்துத்தான் போட முடியும். ஆற்றில் ஏறிய மீன் இரை எடுப்பதை நிறுத்திவிடும். உடம்பிலுள்ள கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் நீந்துகிறது, சதை வெளிறிச் சக்கையாகியிருக்கும். போதாததற்கு, ஒன்டாரியோ ஏரியின் பெரிய மீன்களில் ரசாயன மாசு சேர்ந்திருக்கும் என்பதால் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று அரசே வரம்பு வைத்திருக்கிறது. குழம்புக்கு மீன்கடைதான்.

கே: இவ்வளவு பெரிய நகரத்தில் ஆற்றோரம் முழுக்கக் காடாக விட்டிருக்கிறார்களே, நிலத்துக்கு விலை இல்லையா?
- வாசகர், எட்டோபிகோ

ப: அதுவும் ஒரு இலையுதிர் காலத்துக் கதைதான். 1954 அக்டோபர் 15 இரவு ஹேசல் புயல் இந்த ஊரைத் தாக்கியது. ஏற்கெனவே மழையில் ஊறிய மண், மேற்கொண்டு தண்ணீரைக் குடிக்கவில்லை. ஹம்பர் ஆறு பொங்கி ரேமோர் டிரைவ் என்ற தெருவின் வீடுகளை அடித்துப் போனது. அந்த ஒரு தெருவில் மட்டும் 35 பேர் இறந்தார்கள், ஒன்டாரியோ முழுவதும் 81 பேர். அதற்குப் பிறகுதான் வெள்ளம் ஏறும் தாழ்நிலங்களில் வீடு கட்டத் தடை வந்தது. நிலத்தை வாங்கிப் பூங்காவாக்கினார்கள். இன்று நீங்கள் சருகை மிதித்து நடக்கும் பாதைகளில் பல அப்படி வந்தவை.

கே: போன வருடம் செக்கச்செவேல் என்று இருந்த எங்கள் தெரு மரம் இந்த வருடம் மங்கல் மஞ்சள். மரத்துக்கு ஏதாவது நோயா?
- வாசகர், பிராம்ப்டன்

ப: பெரும்பாலும் இல்லை. மஞ்சளும் ஆரஞ்சும் கோடையிலேயே இலைக்குள் இருப்பவை, பச்சையம் கலைந்ததும் வெளியே தெரிகின்றன. ஆகவே எந்த வருடமும் மஞ்சள் தவறாது. சிவப்பு அப்படியல்ல, அதை மரம் அந்தந்த இலையுதிர் காலத்தில் புதிதாகச் செய்கிறது. இலைக்காம்பின் அடியில் தக்கை போன்ற அடுக்கு வளர்ந்து வழியை அடைக்கும்போது, இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து சிவப்பு நிறமி உருவாகிறது.

பகலில் நல்ல வெயில் அடித்தால் சர்க்கரை சேரும். இரவு குளிர்ந்து, ஆனால் உறையாமல் இருந்தால் அது இலையிலேயே தங்கும். இந்த இரண்டும் சேர்ந்த வருடம் சிவப்பு. செப்டம்பர் முழுக்க மேகமூட்டமும் சூடான இரவுமாகப் போனால் மங்கல். கோடையில் தண்ணீர் தட்டினால் மரம் சீக்கிரமே இலையை உதறிவிடும். ஒரே கிளை மட்டும் ஆகஸ்டிலேயே சிவந்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்தப் பக்கத்து வேரோ பட்டையோ அடிபட்டிருக்கும்.

கே: எங்கள் வாசல் மேப்பிள் இலையில் தார் சொட்டினாற்போல் கறுப்புப் புள்ளிகள். நிறமும் மாறவில்லை, நவம்பர் வரை பச்சையாகவே நிற்கிறது. ஏமாற்று மரமா?
- வாசகி, மிஸிஸாகா

ப: உங்களுடையது நார்வே மேப்பிளாக இருக்கும். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து தெருவோரம் எங்கும் நட்ட மரம். உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. பச்சையாக இருக்கும்போது ஒரு இலையைக் காம்போடு கிள்ளுங்கள். காம்பு முனையில் எருக்கம் பால் போல வெள்ளையாகக் கசிந்தால் நார்வே. தெளிந்த நீராகக் கசிந்தால் உள்ளூர் மேப்பிள்.

உள்ளூர் மேப்பிள்களைப் பிரிக்க இலையின் மடல்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். பள்ளம் வளைவாக, ஓரம் பல் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் சர்க்கரை மேப்பிள். பள்ளம் கூராக, ஓரமெல்லாம் ரம்பப் பல்லாக இருந்தால் சிவப்பு மேப்பிள். ஆழமாக வெட்டுப்பட்டு அடிப்பக்கம் வெள்ளி மினுக்கினால் வெள்ளி மேப்பிள், அது பெரும்பாலும் வெளிர் மஞ்சளோடு நின்றுகொள்ளும். 1965இல் வந்த கனடா தேசியக் கொடியில் உள்ள பதினொரு முனை இலை எந்த மரத்திலும் காய்ப்பதில்லை. அது வரைந்தவர்கள் எளிமைப்படுத்திய உருவம்.

தார்ப் புள்ளி ஒரு பூஞ்சை. பார்க்க அசிங்கம், மரத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை, மருந்தும் அடிக்க வேண்டாம். உதிர்ந்த இலையில்தான் அது குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தில் மறுபடி பரவும். புள்ளி விழுந்த இலைகளை மட்டும் அள்ளி நகராட்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.

கே: இலையை மூட்டை கட்டி வைத்தேன், வண்டிக்காரர் எடுக்காமலே போய்விட்டார். என்ன தப்பு?
- வாசகர், ஸ்கார்பரோ

ப: பிளாஸ்டிக் பையில் கட்டியிருப்பீர்கள். டொராண்டோவில் தோட்டக் கழிவுக்குக் காகிதப் பை, அல்லது மேலே திறந்த கெட்டியான தொட்டி மட்டும்தான். ஒன்று 20 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. காய்ந்த இலை அவ்வளவு வராது. மழையில் நனைந்த இலையை அழுத்தி அடைத்தால் தாண்டும், பையின் அடியும் பிய்யும். காய்ந்த நாளில் அள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் எடுப்பார்கள், காலை 7 மணிக்குள் வைத்துவிட வேண்டும். தெருவுக்குத் தள்ளிவிடும் யோசனை வேண்டாம். மழைநீர் வடிகால் அடைத்தால் முதலில் தண்ணீர் ஏறுவது உங்கள் நிலவறைக்குத்தான்.

மொத்தத்தையும் அள்ளவும் தேவையில்லை. புல்வெட்டியின் கூடையைக் கழற்றிவிட்டு இலை மேல் இரண்டு முறை ஓட்டினால் தூளாகிப் புல்லுக்கு உரமாகும். தூளுக்கு மேலே புல் நுனி தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அதிகம். மிச்சத்தைச் செடிகளின் அடியில் நாலு விரல் உயரம் பரப்பலாம். கருப்பு வால்நட் இலையை மட்டும் தக்காளிப் பாத்தியில் போடாதீர்கள், செடி வாடும்.

கே: ஹாலோவீன் பூசணியைச் சமைத்தேன், சப்பென்று நாரும் தண்ணீருமாக வந்தது. ஊர்ப் பூசணியின் ருசி எதில் கிடைக்கும்?
- வாசகி, ஏஜாக்ஸ்

ப: வாசலில் வைக்கும் பெரிய ஆரஞ்சுப் பூசணி செதுக்குவதற்கென்றே வளர்த்தது. உடம்பு பெரிது, சுவர் மெலிது, இனிப்பில்லை. சமையலுக்கு 'பை பம்ப்கின்' (pie pumpkin) என்று எழுதிய ஒன்றரை, இரண்டு கிலோ காய் பரவாயில்லை. அதைவிட நல்லது கபோச்சா. கரும்பச்சைத் தோல், உள்ளே மாவுப் பிடிப்பு, தேங்காய்ப்பால் விட்ட கறிக்கும் எரிசேரிக்கும் நம் பூசணியே தோற்கும். தோலைச் சீவ வேண்டாம், வெந்தால் மெத்தென்று ஆகும். சாம்பாருக்கு பட்டர்நட் பூசணி போதும், ஆனால் சீக்கிரம் குழையும். பருப்பு வெந்த பிறகு போடுங்கள்.

செதுக்கும் பூசணியின் விதையை வீணாக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு விதையைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, துணியில் ஈரம் போகத் துடைத்து, எண்ணெய், மிளகாய்த்தூள் பிசறி 160 டிகிரி அடுப்பில் 20 முதல் 25 நிமிடம் வறுங்கள். ஈரத்தோடு வைத்தால் வெளியே கருகி உள்ளே சவசவ என்று இருக்கும்.

பூசணியை ஹாலோவீனுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் செதுக்கினால் போதும். அதற்கு முன் செதுக்கினால் பூஞ்சை பிடிக்கும், அணிலும் விடாது. முடிந்ததும் மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டு, வெட்டிப் பச்சைத் தொட்டியில் போடுங்கள்.

கே: ஆப்பிள் தோட்டத்துக்குப் போய்ப் பறித்தால் எது இனிக்கும், எது ஊறுகாய்க்கு ஆகும்?
- வாசகி, மில்டன்

ப: செப்டம்பர் நடுவில் மெக்கின்டாஷும் காலாவும், மாதக் கடைசியில் ஹனிகிரிஸ்ப், அக்டோபர் நடுவில் நார்தர்ன் ஸ்பை, ஐடா ரெட். அப்படியே கடித்துத் தின்ன ஹனிகிரிஸ்ப். மெக்கின்டாஷ் ஒன்டாரியோவிலேயே பிறந்த ரகம், மணம் அருமை, ஆனால் இரண்டு வாரத்தில் மாவாகிவிடும்; குவித்து வாங்காதீர்கள்.

பறிக்கும்போது இழுக்கக் கூடாது. பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கிச் சிறிது திருகினால் காம்போடு கழன்று வரும். பிடித்து இழுத்தால் பக்கத்திலுள்ள குட்டைக் கிளையும் பிய்ந்து வரும். அடுத்த வருடப் பூமொட்டு அதில்தான் இருக்கிறது.

ஊறுகாய்க்குப் புளிப்பான நார்தர்ன் ஸ்பை, இல்லையென்றால் கடையில் கிரானி ஸ்மித். அரைக் கிலோவைத் தோலோடு பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சைச் சாறு பிசறுங்கள். கால் கப் நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, அடுப்பை அணைத்தபின் இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி வறுத்த வெந்தயப் பொடி போட்டுக் கலந்து ஆறவிட்டு ஊற்றுங்கள். மாங்காய் ஊறுகாய் என்று நினைத்து வெளியே வைத்துவிடாதீர்கள். ஆப்பிளில் தண்ணீர் அதிகம், புளிப்பு குறைவு. குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிட வேண்டும்.

கே: ரூஜ் பூங்காவுக்குப் பிள்ளைகளோடு போகலாமா? உண்ணி கடிக்கும் என்கிறார்களே.
- வாசகர், பிக்கரிங்

ப: தாராளமாகப் போகலாம், நுழைவுக் கட்டணமும் கிடையாது. மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்திலிருந்து தொடங்கும் விஸ்டா பாதை ஒன்றரை கிலோமீட்டர்தான், பார்வை மேடையும் உண்டு. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி குளிர் வந்ததும் ஓய்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வெப்பநிலை 4 டிகிரிக்கு மேல் இருந்தாலே அது நடமாடும், அக்டோபரிலும் நவம்பரிலும் வளர்ந்த உண்ணிகள் வரும். வெளிர் நிறக் கால்சட்டை போட்டு அதை காலுறைக்குள் செருகுங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள் தடவிப் பாருங்கள்.

ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். முறுக்க வேண்டாம். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் அதை உள்ளே கக்கவைக்கும். பிறகு 72 மணி நேரத்துக்குள் மருந்தாளரைப் பாருங்கள். ஒன்டாரியோவில் 2023 முதல் உண்ணிக்கடிக்கு அவரே தடுப்பு மருந்து எழுதித் தர முடியும்.

இன்னொன்று, அழகாகச் சிவந்திருக்கிறதே என்று தரையோரக் கொடியைப் பறிக்க விடாதீர்கள். ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் நீளக் காம்பு என்றால் அது பாய்சன் ஐவி. தொட்டால் ஓரிரு நாளில் கொப்புளம் கிளம்பும். பட்ட உடனே சோப்பும் குளிர்ந்த நீரும் போட்டுக் கழுவினால் தப்பலாம். துணியையும் காலணியையும் துவைக்க மறந்தால் செடியின் எண்ணெய் அதிலிருந்து மறுபடி ஒட்டும். வீட்டுக்கு இலை கொண்டுபோக ஆசை என்றால் தெருவோரத்தில் பொறுக்குங்கள். ரூஜ் ஒரு தேசிய நகர்ப்புறப் பூங்கா, அங்கிருந்து இலையும் எடுக்கக் கூடாது.

கே: அம்மாவுக்குப் புடவை தவிர வேறு பழக்கமில்லை. அக்டோபரில் எப்படி வெளியே அழைத்துப் போவது?
- வாசகி, மார்க்கம்

ப: பகலில் 14 டிகிரி, காலை மாலையில் 6 அல்லது 7. ஊட்டியில் தாங்கியவர் இதையும் தாங்குவார். ஒரே தடித்த கோட்டுக்குப் பதிலாக அடுக்கடுக்காகப் போடுங்கள். பாவாடைக்கு உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ், ரவிக்கைக்கு மேல் மெல்லிய கம்பளி, அதற்கு மேல் காற்றுப் புகாத முழங்கால் நீளக் கோட்டு. உள்ளாடை பருத்தியாக இருந்தால் வியர்வை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும், நடையை நிறுத்திய ஐந்தாவது நிமிடம் நடுங்குவார்.

காலுறைக்கு மேல் செருப்பு வேண்டவே வேண்டாம். நனைந்த இலை பாசி போல வழுக்கும், மரப்படியில் இன்னும் மோசம். அடியில் பள்ளம் வெட்டிய மூடிய காலணி போட்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். நகரும் படிக்கட்டில் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொள்ளட்டும்.

கே: அப்பாவுக்கு வந்த நாள் முதல் அடுக்குத் தும்மல். அந்த மஞ்சள் பூச்செடிதான் காரணமா?
- வாசகர், வான்

ப: இல்லை, கோல்டன்ராட் பாவம். அதன் மகரந்தம் கனமானது, பூச்சிதான் சுமக்கும். அதே சமயத்தில் பக்கத்திலேயே பச்சையாகப் பூத்து யார் கண்ணிலும் படாத ரேக்வீட்தான் குற்றவாளி. ஆகஸ்ட் நடுவில் தொடங்கி முதல் உறைபனி வரை காற்றில் இருக்கும். காலையில் ஜன்னலைச் சாத்தி வையுங்கள், வெளியே போய் வந்ததும் தலைக்குக் குளிக்கச் சொல்லுங்கள். மூச்சிரைப்பு இருந்தால் மருத்துவர்.

கே: கண்ணால் பார்க்கும்போது பற்றி எரிகிற மரம், கைப்பேசிப் படத்தில் செங்கல்பொடி மாதிரி தெரிகிறது. ஏன்?
- வாசகர், டவுன்டவுன்

ப: சிவப்பு அளவுக்கு மீறிப் பதிந்து, இலைக்கு இலை வித்தியாசம் அழிந்துபோகிறது. மரத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். உச்சி வெயிலைவிட மழை விட்ட மேகமூட்டமே நல்லது, ஈர இலையும் ஈரப்பட்டையும் நிறத்தைத் தூக்கிக் கொடுக்கும். வெயில் நாளென்றால் சூரியன் இலைக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள்.

கே: நம் ஆறு பருவங்களில் இது எதில் சேரும்?
- வாசகர், திருநெல்வேலி

ப: மாதக் கணக்கில் ஐப்பசி, கார்த்திகைக்குரிய கூதிரைச் சொல்லலாம். ஆனால் கூதிர் மழையும் வாடையும் சேர்ந்தது, இலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. முதுமலைக் காட்டிலும் இலை உதிர்கிறது. அங்கே காரணம் கோடைக்கு முந்தைய வறட்சி, இங்கே குளிரும் குறுகும் பகலும்.

கே: நவம்பரில் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு ஐந்து மணிக்கே இருட்டு. அதற்கப்புறம் பார்க்க ஏதாவது மிஞ்சுமா?
- வாசகி, ஈஸ்ட் யார்க்

ப: நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும், மாதக் கடைசியில் சூரியன் 4.40 வாக்கிலேயே மறையும். நடையை மதியத்துக்கு மாற்றுங்கள். இலை கொட்டிய பிறகுதான் பள்ளத்தாக்கின் உண்மையான வடிவம் தெரியும். அக்டோபரில் இலைச் சுவராக இருந்த இடத்தில் ஆற்றின் வளைவும், அதற்கப்பால் கோபுரங்களும் தெரியும். இளம் ஓக், பீச் மரங்கள் காய்ந்த இலையை விடாமல் பிடித்துக்கொண்டு காற்றில் சரசரக்கும். ஊசியிலை மரமாக இருந்தும் மஞ்சளாகி உதிரும் தமராக் அப்போதுதான் முடிக்கிறது. கிளைகளின் கவைகளில் அணில் கட்டிய இலைப் பந்துகள் வெளியே தெரியும், பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். காலை நடை போகிறவர்கள் மரப்பாலங்களில் மட்டும் கவனமாக இருங்கள். தரையில் பனி இல்லாத நாளிலும் பாலப் பலகையில் கண்ணாடி போல உறைந்திருக்கும்.